நன்கொடை திரட்டுபவரும் தொழிலாளியே!

கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் மெட்ரோ வாசலிலும், கரியாஹாட் சந்திப்பிலும், சால்ட் லேக் வணிக வளாகங்களின் முகப்பிலும் மாலை நேரங்களில் அவர்களைக் காணலாம். கழுத்தில் அடையாள அட்டை. உடலில் ஏதேனும் ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர் பொறித்த டி-ஷர்ட். கையில் டேப்லெட் கணினி. வயது இருபத்திரண்டு இருக்கலாம், இருபத்தைந்து இருக்கலாம். "தாதா, ஒரே ஒரு நிமிடம்!" என்று எதிரில் வருபவரை அழைக்கின்றனர். (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். நமது திரைப்படங்களில் வரும் தாதாவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.) தாதாக்கள் நிற்பதில்லை. வராத அழைப்புக்குக் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்கின்றனர். நடைபாதையிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்துவிடுகின்றனர். நிற்கும் ஓரிருவரும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: "நான் கொடுப்பதில் குழந்தைக்கு எவ்வளவு போகும், உனக்கு எவ்வளவு போகும்?"

கேள்வி நியாயமானது போலத் தோன்றும். பணம் கொடுப்பவர் கணக்குக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அது யாரை நோக்கி எறியப்படுகிறது? நிறுவனத்தின் அறங்காவலரை நோக்கி அன்று. அதன் தலைமை அதிகாரியை நோக்கி அன்று. குழந்தையின் பசிக்குப் பொறுப்பான அரசை நோக்கியும் அன்று. இவர்கள் அனைவரையும் விட்டுவிட்டு, பகல் முழுவதும் நின்று கால் கடுத்துப்போன ஓர் இளைஞரை நோக்கி எறியப்படுகிறது. அவர் கூலி பெறுவதே ஒருவகைத் திருட்டு என்ற எண்ணம் அக்கேள்விக்குள் பதுங்கியிருக்கிறது. குழந்தையின் வாய்ச்சோற்றைப் பிடுங்கித் தின்பவராக அவர் பார்க்கப்படுகிறார். இந்தப் பார்வை தொண்டு நிறுவன நிர்வாகங்களுக்கும் ஒன்றிய அரசுக்கும் எத்துணை வசதியாக இருக்கிறது என்பது இதுவரை போதிய அளவு பேசப்படவில்லை. இந்தப் பார்வையின் நிழலில்தான், 2025 நவம்பர் 21 முதல், தொண்டு நிறுவன ஊழியர்கள் தொழிற்தகராறுச் சட்டத்தின் காப்பிலிருந்தே வெளியேற்றப்பட்டிருக்கின்றனர்.

சரக்கு எது?

நடைபாதையில் ஆளை நிறுத்தி மாதாந்திர நன்கொடையாளராகச் சேர்க்கும் முறை இந்த மண்ணில் பிறந்ததன்று. 1990களின் நடுவில் ஆஸ்திரியாவில் கிரீன்பீஸ் அமைப்புக்காகத் தொடங்கப்பட்டு, ஐரோப்பா முழுவதும் பரவி, பின்னர் இந்தியப் பெருநகரங்களுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு இங்குள்ள நிறுவனங்கள் வாழ்த்து அட்டை விற்றன, கலைநிகழ்ச்சி நடத்தின, தபாலில் வேண்டுகோள் விடுத்தன. இப்போது வேண்டப்படுவது ஒருமுறை கொடுத்து மறந்துவிடும் நூறு ரூபாய் அன்று. வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகவே கழிந்துகொண்டிருக்கும் பணத்துக்கான அனுமதி. அந்தக் கையொப்பம்தான் இங்கே சரக்கு. நாளுக்கு இத்தனை, வாரத்துக்கு இத்தனை என்று 'டார்கெட்'. எட்டினால் ஊக்கத்தொகை, தொடர்ந்து எட்டாவிட்டால் வேலை இல்லை. சேர்த்துவிட்டவர் ஓரிரு மாதங்களில் மனம் மாறி நிறுத்திவிட்டால், கொடுத்த ஊக்கத்தொகையைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் இத்தொழிலில் உண்டு.

பல நேரங்களில் டி-ஷர்ட்டில் இருக்கும் பெயர் வேறு, சம்பளம் கொடுக்கும் பெயர் வேறு. இடையில் ஓர் ஒப்பந்த முகமை இருக்கும். இன்று ஒரு நிறுவனத்துக்காகக் குழந்தைகளைப் பற்றிப் பேசியவர், முகமைக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைத்ததும் வேறொரு டி-ஷர்ட்டில் வேறொரு துயரத்தைப் பற்றிப் பேசுவார். கடன் அட்டை விற்பவரின் வேலைக்கும் இவருடைய வேலைக்கும் என்ன வேறுபாடு? வேலை முறையில் ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று: கடன் அட்டை விற்பவரிடம் யாரும் தியாகத்தை எதிர்பார்ப்பதில்லை.

இந்த வேலைக்கு ஏன் பட்டதாரிகள் வருகின்றனர் என்று வியக்க வேண்டியதில்லை. ஆசிரியர் பணிக்குத் தேர்வெழுதித் தகுதிபெற்ற இளைஞர்கள், நியமனத்தில் நடந்த ஊழலை எதிர்த்துக் கொல்கத்தா மேயோ சாலையில் காந்தி சிலையருகே ஆயிரம் நாட்களுக்கும் மேலாக உட்கார்ந்திருந்த மாநிலம் அது. 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் 25,753 ஆசிரியர், ஆசிரியரல்லாதோர் பணியிடங்களை ஒரே தீர்ப்பில் ரத்துசெய்தது. திரிணாமுல் ஆட்சியாளர்கள் செய்த குற்றத்துக்கு, நேர்மையாகத் தேர்வெழுதி வென்றவர்களும் வேலையை இழந்தனர். அரசு வேலைக்கான கதவு இப்படி அடைபட்ட ஓர் ஊரில் முகமைகளுக்கு ஆள் கிடைப்பதா கடினம்?

எவருடைய 'தொழில் வளர்ச்சி'?

இந்தத் துறையின் மேல்தட்டில் வேறொரு பேச்சு நடக்கிறது. நிதி திரட்டுதல் ஒரு தொழில்நெறி. அதற்குப் பயிற்சி வேண்டும், பட்டம் வேண்டும், சந்தைக்கேற்ற ஊதியம் வேண்டும். மக்கள் அதனை இழிவாகப் பார்ப்பது மாறவேண்டும் என்கின்றனர். இந்தப் பேச்சின் உலகளாவிய மூலவர் அமெரிக்கரான டான் பலோட்டா. 2008இல் ஒரு நூல் எழுதினார். 2013இல் டெட் மேடையில் ஆற்றிய உரை உலகெங்கும் பார்க்கப்பட்டது. நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதே நல்ல தொண்டு நிறுவனத்தின் அடையாளம் என்று மக்கள் நம்புவது மூடத்தனம் என்பது அவர் வாதம். இதில் பாதி உண்மை. ஊழியருக்குச் சம்பளம் கொடுக்காமல் எந்த வேலையும் நடக்காது என்பதை அறியத் தொழிலாளி வர்க்கத்துக்கு அமெரிக்கப் பேச்சாளர் தேவையில்லை.

ஆனால் பலோட்டா யாருடைய சம்பளத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்? ஸ்டான்ஃபோர்டில் வணிக நிர்வாகம் படித்தவர் பெருநிறுவனத்தில் பெறும் ஊதியத்தையும், பசி ஒழிப்பு அமைப்பின் தலைமை அதிகாரி பெறும் ஊதியத்தையும் ஒப்பிட்டு, இந்த இடைவெளி அநியாயம் என்று முழங்கினார். நடைபாதையில் நிற்பவர் அந்த உரையில் இல்லை. தலைமை அதிகாரிக்குச் சந்தை விலை. தெருவில் நிற்பவருக்கு 'சேவை மனப்பான்மை'. இந்த இரட்டை நியாயத்துக்குத்தான் தொழில் வளர்ச்சி என்று பெயர் சூட்டியிருக்கின்றனர். வளர்வது யார் என்று கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இங்கிலாந்தில் இவர்களுக்கு ஓர் இழிசொல்லே உண்டு. தருமம் என்ற சொல்லையும் வழிப்பறிக்காரர் என்ற சொல்லையும் ஒட்டவைத்து உருவாக்கியது. தமிழாக்கினால் 'அறப்பறிக்காரர்' என்று வரும். 2015இல் அங்கே தொண்டு நிறுவனங்களின் ஓயாத நச்சரிப்பு பெரும் விவாதமாகி, மறு ஆண்டு நிதி திரட்டலுக்கென்றே ஓர் ஒழுங்குமுறை அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. கொடையாளரை எவ்வாறு அணுகவேண்டும், எப்போது விலகவேண்டும் என்று தெருவில் நிற்பவரின் நடத்தைக்கு விதிமேல் விதி வந்தது. அந்த நச்சரிப்பைப் பிறப்பித்த 'டார்கெட்' முறையும் ஒப்பந்த முகமையும் தொடர்கின்றன.

கணக்குக் கேட்கும் வழக்கம் நம் நாட்டிலும் ஆளுக்கொரு நீதியாகவே இருக்கிறது. 2020 மார்ச் இறுதியில் பிரதமரைத் தலைவராகக் கொண்டு பிஎம் கேர்ஸ் என்ற பொது அறக்கட்டளை தொடங்கப்பட்டது. பொதுத்துறை ஊழியர்களின் சம்பளத்திலிருந்து பிடித்துக் கொடுத்தார்கள். பெருநிறுவனங்கள் தம் சமூகப் பொறுப்பு நிதியைக் கொண்டுவந்து கொட்டின. அந்த நிதிக்குக் கொடுத்தால் சமூகப் பொறுப்புக் கணக்கில் சேரும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் சேராது என்று ஒன்றிய அரசே விளக்கம் வெளியிட்டது. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் விவரம் கேட்டபோது, அது பொது அதிகார அமைப்பே அன்று என்ற பதில் வந்தது. தேர்தல் பத்திரங்களின் கதையும் நாடறிந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாதவை என்று அறிவித்த பிறகே, பாரதிய ஜனதாவுக்கு ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு மேலும், கொல்கத்தாவில் தலைமையகம் கொண்ட திரிணாமுல் காங்கிரசுக்கு 1,600 கோடி ரூபாய்க்கு மேலும் சென்றது வெட்டவெளிச்சமானது. இடதுசாரிக் கட்சிகள் அந்தப் பணத்தைத் தொடவில்லை. மார்க்சிஸ்ட் கட்சி அதை எதிர்த்து வழக்கும் தொடுத்தது. இந்த மாபெரும் வசூல்காரர்களிடம் "எனக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு" என்று கேட்கத் துணியாத நடுத்தர வர்க்கத்து நாவு, கரியாஹாட்டில் டேப்லெட் ஏந்தி நிற்கும் பெண்ணிடம் மட்டும் ஏன் இவ்வளவு கூர்மை பெறுகிறது?

கொல்கத்தா கண்ட மற்றொரு வசூல்

நிதி திரட்டுதல் என்றாலே இரங்கத்தக்க ஒரு முகத்தைக் காட்டிப் பணம் பறிப்பது என்று நினைப்பவர்கள் இந்த நகரத்தின் வரலாற்றை அறியாதவர்கள். 1943 பஞ்சத்தில் வங்கத்தில் ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் மாண்டனர். கொல்கத்தாவின் நடைபாதைகளில் கஞ்சிக்காகக் கையேந்தியபடியே மனிதர்கள் செத்து விழுந்தனர். அப்போது மக்கள் நிவாரணக் குழு கஞ்சித் தொட்டிகளை நடத்தியது. மகளிர் தற்காப்புச் சங்கத்தின் அழைப்பில், அவ்வாண்டு மார்ச்சில், ஏறத்தாழ ஐயாயிரம் பெண்கள் அரிசி கேட்டுச் சட்டமன்றத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர். பினய் ராய் தலைமையில் கலைக்குழு ஒன்று வங்கத்துக்கு வெளியே ஊர் ஊராகப் பாடிச் சென்று நிவாரண நிதி திரட்டியது. சுனில் ஜானாவின் பஞ்சப் புகைப்படங்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் 'பீப்பிள்ஸ் வார்' ஏட்டில் வெளிவந்தன. அஞ்சலட்டைகளாக அச்சிட்டு விற்கப்பட்டு அந்தப் பணமும் நிவாரணத்துக்குச் சேர்ந்தது. சித்தபிரசாத் மிதுனாப்பூர் மாவட்டத்தில் கால்நடையாகச் சென்று வரைந்த கோட்டோவியங்களும் குறிப்புகளும் 'பசித்த வங்கம்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயின. ஆங்கில அரசு அதன் பிரதிகளைப் பறித்து எரித்தது.

ஏன் எரித்தது? பசித்த குழந்தையின் படம் இன்று ஒவ்வொரு தொண்டு நிறுவனத்தின் துண்டறிக்கையிலும் இருக்கிறது. எந்த அரசும் அதை எரிப்பதில்லை. சித்தபிரசாத்தின் எலும்புக்கூட்டு மனிதர்களுக்குப் பின்னால் பதுக்கல்காரன் இருந்தான், படகுகளைப் பறித்த ஆட்சி இருந்தது. இன்றைய துண்டறிக்கைக் குழந்தைக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அது எவ்வாறு பசித்தது என்று யாரும் சொல்வதில்லை. 2022 மார்ச் முதல் மேற்கு வங்கத்துக்கு நூறு நாள் வேலைத் திட்ட நிதியை ஒன்றிய அரசு முடக்கிவைத்ததே, அந்த ஆண்டுகளில் புருலியாவிலும் பாங்குராவிலும் கூலிவீட்டுச் சமையற்கட்டுகளில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்? மாநில ஆளுங்கட்சியின் ஊழலைக் காட்டி, அந்த ஊழலில் ஒரு காசும் பெறாத கூலித் தொழிலாளரின் வயிற்றில் அடித்தார்கள். இதை டேப்லெட் கணினியின் திரையில் காட்ட முடியாது. காட்டினால் நிறுவனத்தின் உரிமம் நிலைக்காது.

கொல்கத்தாவின் வறுமையே உலகச் சந்தையில் ஒரு வசூல் முத்திரையாக ஆக்கப்பட்ட வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. அன்னை தெரசா 1950இல் தொடங்கிய சபை, சாவின் விளிம்பில் கிடந்தோரைத் தெருவிலிருந்து தூக்கிச்சென்றதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நகரத்துக்குத் தொழிற்சங்கங்கள் இருந்தன, அகதிகள் இயக்கம் இருந்தது, உணவுப் போராட்டம் இருந்தது என்பதெல்லாம் மறைந்து, உதவிக்காகக் கண்மூடிக் காத்துக்கிடக்கும் ஊர் என்ற ஒரே ஓவியம் மேலைநாடுகளில் மிஞ்சியது. சேமிப்பாளர்களை ஏமாற்றிய அமெரிக்க வங்கியாளர் சார்லஸ் கீட்டிங்கிடமிருந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை வந்தது. 1992இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்படவிருந்தபோது, கருணை காட்டுமாறு நீதிபதிக்கு அன்னை கடிதமும் எழுதினார். நோக்கம் எத்துணைத் தூயதாயினும், பணம் கொடுப்பவனிடம் கேள்வி கேட்காத தொண்டு இப்படித்தான் போய் நிற்கும். இதைச் சொல்லும் அதே மூச்சில், 2021 கிறிஸ்துமஸ் நாளில் அச்சபையின் வெளிநாட்டு நிதி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து, எதிர்ப்புக் கிளம்பிய பிறகு ஜனவரியில் திருப்பித் தந்த அமித் ஷா அமைச்சகத்தின் செயலையும் கண்டித்தாக வேண்டும். அங்கே நோக்கம் கணக்குக் கேட்பதன்று, சிறுபான்மையினரை மிரட்டுவது.

தமிழகத்தில் கம்யூனிஸ்டுகளை 'உண்டியல் குலுக்கிகள்' என்று ஏளனம் செய்வோர் உண்டு. பேருந்து நிலையத்தில் தகர உண்டியலில் விழும் ஐந்து ரூபாய்க்கும், பத்திரமாக விழும் ஐம்பது கோடிக்கும் உள்ள வேறுபாடு அறியாதவர்களின் ஏளனம் அது. சொல் வரலாறும் இங்கே துணைநிற்கிறது. வங்காளிகள் வசூலைச் 'சாந்தா' என்பார்கள்; துர்கா பூஜைக்கு வீடு வீடாக ரசீதுப் புத்தகத்தோடு வந்து கேட்பதும் அதுவே. நாம் பத்திரிகைக்கும் சங்கத்துக்கும் கட்டும் 'சந்தா'வும் அதே சொல்தான். இந்துஸ்தானி வழியே இரு மொழிக்கும் வந்தது. சந்தா கட்டுபவர் உறுப்பினர். மாநாட்டில் எழுந்து நின்று பொருளாளரிடம் கணக்குக் கேட்பார். பிடிக்காவிட்டால் அவரை மாற்றுவார். நன்கொடையாளருக்கோ நன்றிக் கடிதமும், வருமான வரிச் சலுகைச் சான்றிதழும்தான் கிடைக்கும். (இப்போது அந்தப் பூஜைச் சாந்தாவுக்கும் வேலையில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. 2025இல் மம்தா அரசு ஒவ்வொரு பூஜைக் குழுவுக்கும் 1,10,000 ரூபாய் அரசுப் பணத்தை அள்ளிக் கொடுத்தது. கொடுக்கும் கை அரசினுடையது, வாங்கும் மன்றங்கள் கட்சியினுடையவை.)

நமது பக்கத்து வசூல்களும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. பக்ரேஷ்வர் அனல்மின் நிலையத்துக்காக 1980களில் இளைஞர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்து நிதி சேர்த்தனர். ஒன்றிய அரசின் வஞ்சனையை ஊரறியச் செய்த மகத்தான இயக்கம் அது. எனினும் நிலையத்தைக் கட்டி முடித்தது ஜப்பானியக் கடன். ஊரடங்கில் ஜாதவ்பூரில் தொடங்கி இருபது ரூபாய்க்குச் சாப்பாடு தந்த உழைப்பாளர் உணவகம், பசித்தவர்களுக்குப் பேருதவி. ரேஷன் முறையின் இடத்தை அது நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது.

ஒரே நாளில் இரண்டு சட்டங்கள்

இனி சட்டத்துக்கு வருவோம். விஷயத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

2020 செப்டம்பர் 23. வேளாண் சட்டங்களை எதிர்த்த எட்டு மாநிலங்களவை உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டு, எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தன. காலியான இருக்கைகளின் முன்னிலையில் அன்று பல மசோதாக்கள் நிறைவேறின. ஒன்று, வெளிநாட்டு நிதிப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத் திருத்தம். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக அது வெட்டியது. ஒரு நிறுவனம் பெற்ற நிதியை மற்றொரு சிறு அமைப்புக்குக் கொடுப்பதற்கும் தடை விதித்தது. "உனக்கு எவ்வளவு போகும்?" என்ற தெருமுனைச் சந்தேகத்தையே அரசு சட்டமாக எழுதிக்கொண்டது. வெளிநாட்டுப் பணம் சுருங்கிய நிறுவனங்கள் உள்நாட்டு நடுத்தர வர்க்கத்தின் சட்டைப்பைக்குத் திரும்பின. நடைபாதையில் 'டார்கெட்' இறுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே நாளில் அதே அவையில் நிறைவேறிய மற்றொன்று தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு. அதில் 'தொழில்' என்பதற்கு இலக்கணம் கூறும் இடத்தில், முழுமையாகவோ பெருமளவிலோ அறப்பணி, சமூகப்பணி, கொடைப்பணி ஆகியவற்றில் ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்கள் தொழில் ஆகா என்று ஒரு வரி இருக்கிறது. தொழில் அன்று என்றால் அங்கே வேலை செய்பவர் தொழிலாளி அல்லர். தொழிலாளி அல்லர் என்றால் நீக்கப்பட்டபோது தொழிற்தகராறு எழுப்ப முடியாது. சமரச அதிகாரி இல்லை, தீர்ப்பாயம் இல்லை, ஆட்குறைப்பு இழப்பீடு இல்லை. சங்கம் பேச்சுவார்த்தைக்கு உரிமை கோரவும் இடமில்லை.

இந்த ஒற்றை வரி எதை அழித்தது என்பதை அறிய 1978 பிப்ரவரி 21க்குச் செல்ல வேண்டும். பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வின் முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், 1957இல் தோழர் இ.எம்.எஸ். தலைமையிலான அமைச்சரவையில் இருந்தவர். முறைப்படியான நடவடிக்கை, முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான கூட்டுழைப்பு, மக்களின் தேவைக்கான பொருள் அல்லது சேவையின் ஆக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் அது தொழிலே. லாப நோக்கம் இல்லாமை ஒரு பொருட்டன்று என்று அவர் வரையறுத்தார். அறக்கட்டளைகளைப் பற்றி அவர் கூறியதன் சாரம் எளிமையானது. முதலாளியின் ஈகை பயனாளியை நோக்கியது; கூலிக்கு வேலை செய்பவரை நோக்கியது அன்று. தானம் செய்பவர் தன் பணத்தில் செய்யட்டும், தன் ஊழியரின் உரிமையில் அன்று. மருத்துவமனை ஊழியர், கல்வி நிலைய ஊழியர், தொண்டு நிறுவன ஊழியர் என்று பல லட்சம் பேருக்கு அந்தத் தீர்ப்பு கதவைத் திறந்தது.

1982இல் இந்திரா காந்தி அரசு திருத்தம் கொண்டுவந்து அதை மூட முயன்றது. ஆனால் விலக்கப்படும் ஊழியர்களுக்கு மாற்றுக் குறைதீர்ப்பு ஏற்பாடு எதுவும் இல்லாததால், அந்த இலக்கணத் திருத்தம் கடைசிவரை நடைமுறைக்கு வரவே இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்த அரசும் செய்யத் துணியாததை மோடி அரசு எந்த மாற்று ஏற்பாடும் இன்றி ஒரே அறிவிக்கையில் செய்து முடித்தது. எல்லாத் தொழிலாளர்க்கும் நியமனக் கடிதம் என்று அன்று அரசு பறைசாற்றிக்கொண்டது. யார் தொழிலாளி என்பதை மட்டும் மாற்றி எழுதிவிட்டால், எல்லோருக்கும் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

உரிமைகளைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தும் பெரிய தொண்டு நிறுவனங்கள் அன்று நிறைவேறிய முதல் சட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தன. கொடுத்தது சரியே. இரண்டாவது சட்டத்தின் அந்த ஒரு வரியைப் பற்றி அவற்றின் குரல் அதே உரப்பில் எழவில்லை. ஒன்று அவர்களுக்கு வரும் பணத்தைத் தடுத்தது. மற்றது அவர்கள் கொடுக்க வேண்டியதைத் தடுத்தது.

யார் சங்கம் அமைப்பது?

இந்த இடத்தில் நமது தோழர்கள் சிலருக்கே ஒரு தயக்கம் எழலாம். தன்னார்வ அமைப்புகளின் அரசியலைக் கடுமையாக விமர்சித்தது இடதுசாரி இயக்கம். 1984இல் 'தி மார்க்சிஸ்ட்' இதழில் பிரகாஷ் காரத் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. ஏகாதிபத்திய நிதியில் இயங்கி, மக்களை அரசியலிலிருந்து அகற்றும் அமைப்புகளின் ஊழியருக்காக நாம் ஏன் வாதாட வேண்டும்? ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்குச் சங்கம் அமைக்கிறோம். தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குச் சங்கம் அமைக்கிறோம். நிறுவனத்தின் அரசியலை எதிர்ப்பதற்கும் அதன் கூலித் தொழிலாளியைக் கைவிடுவதற்கும் தொடர்பே இல்லை. கைவிட்டால் அவர் மனத்தில் மிஞ்சுவது நிறுவனத்தின் போதனை மட்டுமே.

முன்னுதாரணத்துக்குக் கொல்கத்தாவை விட்டு வெளியே போகவேண்டியதும் இல்லை. மருந்து மற்றும் விற்பனைப் பிரதிநிதிகளின் அகில இந்தியச் சம்மேளனத்துக்குத் தலைமையகம் அங்கேதான். கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு மருத்துவர் அறை வாசலில் காத்திருக்கும் அவர்களையும் ஒருகாலத்தில் யாரும் தொழிலாளி என்று ஏற்கவில்லை. அவர்களுக்கும் 'டார்கெட்' இருந்தது, எட்டாவிட்டால் பணிநீக்கம் இருந்தது. அவர்கள் ஒன்றுதிரண்டு மனு கொடுத்தனர். 1972இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாக அறிக்கை அளித்தது. 1976இல் விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம் பிறந்தது. நியமனக் கடிதமும் விடுப்பும் தொழிற்தகராறு எழுப்பும் உரிமையும் அதன்வழி கிடைத்தன. நான்கு தொகுப்புகள் அந்தச் சட்டத்தையும் விழுங்கிவிட்டன. ஆயினும் விற்பனை மேம்பாட்டு ஊழியர் தொழிலாளியே என்ற இலக்கணத்தை அவற்றால் கழற்ற முடியவில்லை.

இங்கேதான் ஒரு சந்து இருக்கிறது. தொண்டு நிறுவனத்துக்கு விலக்கு உண்டு. அதற்காக ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்த முகமைக்கு விலக்கு இல்லை. அது லாபத்துக்காக நடக்கும் வணிகம். அதன் ஊழியர் வணிக மேம்பாட்டு வேலைதான் செய்கிறார். ஆகவே அவர் விற்பனை மேம்பாட்டு ஊழியரே என்று கோரி வாதாட இடமுண்டு. டி-ஷர்ட் அணிவித்து அனுப்பும் தொண்டு நிறுவனம் முதன்மை வேலையளிப்பவர் என்ற பொறுப்பிலிருந்து நழுவ விடலாகாது. விலக்கு தரும் அந்த வரியை நீக்கவேண்டும் என்ற கோரிக்கையும் தொகுப்புகளுக்கு எதிரான போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் தனியே ஏறவேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால், சங்கத்தை ஏற்கக்கூடாது என்று எந்தத் தொண்டு நிறுவனத்தையும் யாரும் தடுக்கவும் இல்லை. குழந்தை உரிமை, பெண் உரிமை, சுற்றுச்சூழல் உரிமை என்று எழுதிய டி-ஷர்ட்டை அணிந்திருப்பவரோடு ஒப்பந்த மேசையில் உட்கார அவர்கள் இன்றே முன்வரலாம்.

கரியாஹாட்டில் "தாதா, ஒரே ஒரு நிமிடம்" என்ற குரல் கேட்டால் தோழர்கள் நிற்கவேண்டும். பணம் கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் விருப்பம். கேட்கவேண்டியவை வேறு: நியமனக் கடிதம் கொடுத்தார்களா? அதில் கையொப்பமிட்டது டி-ஷர்ட்டில் இருக்கும் நிறுவனமா, முகமையா? வைப்பு நிதி பிடிக்கிறார்களா? சென்ற மாதம் உன்னோடு நின்ற அந்தப் பையன் எங்கே? மேற்பார்வையாளர் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தால் பதில் வராது. வேலை முடிந்து, டி-ஷர்ட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குத் திரும்பும் வேளையில் கேட்டால் வரும்.